குளியலிலக்கணம்: டுரியான் துங்கால் உரையுடன்

பாயிரம்

நூல் எழுத உட்காருகிறவன் எட்டு விவரங்களை முதலில் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பது நன்னூலார் வைத்த சட்டம்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றில் முதலாவதை மட்டும் மறைக்கிறேன். உடன் வந்த நால்வரின் வீட்டிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை: வடமேற்கே அலோர் காஜா, தெற்கே ஆயர் குரோ, நடுவே ஒற்றை டுரியான் மரத்தைப் பெயராகக் கொண்ட எங்கள் ஊர். யாப்பு: யாப்பு என்றால் கட்டு. இந்நூலில் அது இடுப்பில் கட்டிய துண்டைக் குறிக்கும். அடிக்கடி தளை தட்டும். நுதலிய பொருள்: நண்பர் ஐவர் துருக்கிக்குச் சுற்றுலா போய், ஹமாம் என்னும் சூட்டுக் கூடத்தில் குளித்தது. கேட்போர்: மாமாக் கடையில் தே தாரேக் ஆறும்வரை வேறு வேலை இல்லாதவர்கள். பயன்: அதை என் அம்மாதான் கேட்டார். ஒழிபியலில் வரும்.

வழி என்பது கொஞ்சம் விளக்க வேண்டியது. நூல் மூவகை என்பார்கள், குளியலும் அப்படியே. தரைக்கு அடியில் நெருப்பின் அனலை ஓடவிட்டு அறையைச் சூடாக்கிய ரோமானியரின் குளியல்மனை முதல்நூல். அதே அடித்தள அனலை வாங்கிக்கொண்டு, நீந்தும் குளத்தைத் தள்ளிவிட்ட ஹமாம் வழிநூல். இன்று மலாக்கா ஹோட்டல்களில் மெழுகுவத்தி ஏற்றி, புல்லாங்குழல் ஒலிநாடா போட்டு நடத்தும் ஸ்பா சார்புநூல். சார்புநூலுக்குத்தான் விலை அதிகம். பதிப்புலகிலும் அப்படித்தான்.

நீரியல்

ஓடும் நீரும் நிற்கும் நீரும்
ஓடி நின்ற நீரும் என்றாங்கு
மூன்றே நீரெனக் கொள்ளல் முறையே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், குளிக்கும் நீரின் வகை உணர்த்துதல் நுதலிற்று. ஓடும் நீர் ஆறும் அருவியும். நிற்கும் நீர் குளமும் தொட்டியும். 'ஓடி நின்ற நீர்' என்று மூன்றாவதைத் தொல்லாசிரியர் எவரும் சொல்லவில்லையே எனின், அவர்கள் 1991இல் மலாக்காவில் குடியிருக்கவில்லை என்பதே விடை. மாநிலத்துக்கே தண்ணீர் கொடுக்கும் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் அந்த ஆண்டு வறண்டது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பவர்கள் நாங்கள் என்று அதுவரை மார் தட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் குழாய், திறந்தால் இரண்டு முறை இருமும், பிறகு மௌனம். அரை வாளித் தண்ணீரில் தலை முதல் கால்வரை குளிக்கும் வித்தையை நான் கற்றது அப்போதுதான். கடைசிச் செம்பை உச்சியில் ஊற்றும்போது அது நெற்றி, மார்பு, முழங்கால் என்று ஒவ்வோர் ஊராக நின்று போக வேண்டும். லோக்கல் பஸ் மாதிரி.

துருக்கியர் இந்த மூன்றில் ஓடும் நீரை மட்டுமே ஒப்புக்கொள்கிறார்கள். தொட்டியில் இறங்கி அமிழ்ந்தால் அவரவர் அழுக்கில் அவரவர் ஊறுவதாகக் கணக்கு. ஆகவே ஹமாமில் அமிழும் தொட்டி கிடையாது. (வெந்நீர் ஊற்று உள்ள பூர்சா போன்ற ஊர்கள் புறனடை.) சுவரோரம் 'குர்னா' என்று ஒரு பளிங்குத் தொட்டி. அதற்கு வடிகால் துளை இல்லை. குழாயில் நீர் விழுந்தபடி இருக்க, நிரம்பி வழிந்தபடி இருக்க, 'தாஸ்' என்ற உலோகக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டதும் எங்களில் ரப்பர் தோட்டத்தில் பிறந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லயத்துக்குப் பக்கத்துப் பைப்படியில் இருந்த சிமெண்டுத் தொட்டியைத்தான் பளிங்கில் செதுக்கி, குவிமாடம் கட்டி, உள்ளே வைத்திருக்கிறார்கள்.

தண்ணீருக்குத் தட்டுப்பாடு அங்கேயும் வந்திருக்கிறது. ஹமாம்கள் விறகையும் நீரையும் விழுங்கித் தீர்க்கின்றன என்று, மூன்றாம் முஸ்தபா சுல்தான் 1768இல் இஸ்தான்புல்லில் புதிதாகப் பெரிய ஹமாம் கட்டுவதற்குத் தடை போட்டார். எங்கள் அணைக்கட்டு வறண்டபோது சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. குழாயே தடை போட்டது.

நீரில் கலப்பவை பற்றியும் ஒரு சொல். சிலப்பதிகாரத்து மாதவி கடலாடப் புறப்படுமுன் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் குளிக்கிறாள். கூட்டினால் 47. ஹமாமில் நான் கவனமாக எண்ணிப் பார்த்தேன். சோப்பு ஒன்று. ஒப்பிலக்கிய ஆய்வாளர் இதை மேலும் ஆராயலாம்.

இடவியல்

இடம் மூன்று: உடுப்பு மாற்றும் கூடம், இளஞ்சூட்டு அறை, பெருஞ்சூட்டு அறை. மூன்றாவதன் நடுவில் வயிறு புடைத்தாற்போல ஒரு பெரிய பளிங்கு மேடை. அதற்குத் துருக்கியில் 'தொப்புள் கல்' என்று பொருள்படும் பெயர். மேலே குவிமாடத்தில் வட்ட வட்டமாகக் கண்ணாடித் துளைகள். அவற்றுக்கு 'யானைக் கண்' என்று பெயர். கீழே, தரைக்கு அடியில் அனல் ஓடும் வெளிக்கு 'நரகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, நரகத்துக்கு மேலே, யானையின் பார்வையில், தொப்புளின் மீது மனிதன் கிடக்கிறான். இதற்கு மேல் ஓர் ஊர் பெயர் வைப்பதில் என்ன சாதிக்க வேண்டும்?

புகழ்பெற்ற ஹமாம்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்பெர்லிடாஷ் ஹமாம் 1584ஆம் ஆண்டினது. மூன்றாம் முராதின் தாய் நூர்பானு சுல்தானுக்காக மிமார் சினான் வரைந்தது. ஜாலோலு ஹமாம் 1741இல், முதலாம் மஹ்மூத் காலத்தில் எழுந்தது. நாங்கள் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தோம். கட்டணப் பலகையையும் வெளியிலிருந்தே பார்த்தோம். பிறகு எங்கள் கணக்கர் தலைமையில் ஒரு பின்சந்துக்குள் நுழைந்தோம். அந்த இடத்தின் பெயர் இந்நூலுக்கு வேண்டாதது.

ஆடையியல்

கைலி உடுத்தவன் எங்கும் குளிப்பான்.

இது ஓரடிச் சூத்திரம். ஹமாமில் கொடுக்கும் துணிக்குப் 'பெஷ்டெமால்' என்று பெயர். மெல்லிய பருத்தி, கட்டம் போட்டது, இடுப்பைச் சுற்றி ஒருமுறை வந்து செருகக்கூடியது. பார்த்த மாத்திரத்தில், எங்கள் ஐவரில் ஒருவரான லோரி அண்ணன், "இதுக்கா பத்துப் பதினோரு மணி நேரம் ஃப்ளைட்ல வந்தோம்? எங்க வீட்டுக் கொடியில ஏழு கெடக்கு," என்றார்.

நகைப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. நால்வர் பார்க்க நாணமில்லாமல் குளிப்பது தனிக்கலை. தோட்டத்துப் பைப்படியில் ஆண்கள் கைலியோடும், பெண்கள் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடையோடும், ஈரத் துணிக்குள்ளேயே சோப்புப் போட்டு, ஈரத் துணிக்கு மேலேயே உலர்ந்த துணியைச் சுற்றி, உள்ளதை நழுவவிட்டு, ஒரு விரற்கடைகூட விலகாமல் கரையேறுவார்கள். தாமான் வீட்டில், தாழ்ப்பாள் போட்ட குளியலறையில் வளர்ந்த எங்கள் ஐந்தாமவனுக்கு, இருப்பதிலேயே இளையவனுக்கு, இந்தக் கலை தெரியாது. அவன் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே குளித்தான். இரண்டு கையும் வேலையில் இருந்தால் எவன் எப்படிக் குளிப்பான்?

காலுக்குச் சிலிப்பர் தந்தார்கள். பழங்காலத்தில் மரமிதியடி போட்டுக்கொண்டு நடப்பார்களாம். பளிங்கு வழுக்கும். இது பற்றி இவ்வளவு போதும். ஆசிரியருக்கு அந்த வழுக்கலில் சொந்த அனுபவம் உண்டு.

ஆளியல்

குளிப்போர் நால்வகையர், குளிப்பாட்டுவோர் ஒருவகையரே.

குளிப்போருள் முதல்வகை முன்னாய்வர். இவர் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே யூடியூப் பார்த்து முடித்தவர். எங்கள் குழுவில் இது தமிழாசிரியர். ஒவ்வொரு கட்டமும் வருமுன்னரே, "இப்ப பாருங்க, நுரை வரும்," என்று அறிவித்து, வரும் நுரையின் வியப்பைப் பறித்துவிடுவார். இரண்டாம் வகை விலைக்கூறுநர். கணக்கர். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதும், "மசாஜ் தனியா, சேத்தா?" என்று கேட்பவர். மூன்றாம் வகை துண்டு பிடிப்பர், மேலே கூறப்பட்டான். நான்காம் வகை உறங்குநர். தொப்புள் கல்லில் சாய்ந்த ஐந்தாவது நிமிடம் குறட்டை. லோரி அண்ணன் இவ்வகை என்று முதலில் பதிந்திருந்தேன். பின்னால் அவரை வேறு வகைக்கு மாற்ற வேண்டி வந்தது.

ஆசிரியனாகிய நான் எவ்வகை எனின், வகைப்படுத்துபவன் வகைக்குள் அடங்கான் என்பது துணிபு.

குளிப்பாட்டுபவருக்குத் 'தெல்லாக்' என்று பெயர். பெண்கள் பகுதியில் பெண்களே இருப்பார்கள், அவர்களுக்கு 'நாத்திர்'. தெல்லாக்கை இளப்பமாக நினைக்கக் கூடாது. 1730இல் இஸ்தான்புல்லில் ஒரு கலகம் மூண்டு, மூன்றாம் அகமது சுல்தான் அரியணையை விட்டு இறங்கினார். அந்தக் கலகத்தின் தலைவன் பத்ரோனா ஹலீல் ஒரு காலத்தில் ஹமாமில் வேலை பார்த்தவன் என்பார்கள். ஊரார் முதுகைத் தேய்த்தவன் சுல்தானையும் ஒரு தேய் தேய்த்துவிட்டான். எங்களுக்கு வாய்த்தவர் அறுபதை நெருங்கும் மீசைக்காரர். ஆங்கிலத்தில் மூன்று சொல் தெரிந்தவர்: "சிட்", "டர்ன்", "குட்". ஆளும் வர்க்கத்துக்கு இந்த மூன்று சொல் தாராளம்.

நம் பக்கத்தில் தெல்லாக்குக்கு நேர் யார் என்று குழுவில் விவாதம் எழுந்தது. முடி வெட்டி முடித்ததும் தலையை இரு கையால் பிடித்து, நல்ல வார்த்தை பேசிக்கொண்டே கழுத்தைச் 'சடக்' என்று சொடுக்கிவிடும் நம்மூர் முடிதிருத்தும் கடை அண்ணன்தான் என்று முடிவானது. இந்தியாவில் இந்தக் கலை சும்மா இருக்கவில்லை. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் ஆவிக்குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த நிலையம் ஒன்றை நடத்தினார். உடம்பு பிடித்துவிடுவதற்கான இந்திச் சொல்தான் ஷாம்பூ என்று ஆங்கிலத்துக்குள் போய், பாட்டிலில் அடைபட்டு, டுரியான் துங்கால் மளிகைக் கடைக்குத் திரும்பி வந்து தொங்குகிறது. போனபோது கை, வந்தபோது நுரை.

அழுக்கியல்

அழுக்கு இருவகை: வந்தேறி, வம்சாவளி.

வந்தேறி அழுக்கு வெளியிலிருந்து ஒட்டுவது. எங்கள் வட்டாரத்தில் இதன் தலையாய வகை ஒட்டுப்பால். தான் சாய் யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்; மலாயாவின் முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஆகவே இந்த அழுக்குக்குத் தேதி உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, மதியம் லயத்துக்குத் திரும்பும் ஆளின் கை மயிரில் உறைந்த பால் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். சவுக்காரம் தோற்கும். தேங்காய் நார் தோற்கும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், மயிரோடு சேர்த்து. நாற்றமோ, பக்கத்து லயத்து நாய்க்கும் இவர் வருவது தெரிந்துவிடும். பிறகு தோட்டமெல்லாம் செம்பனை ஆனது. ஒட்டுப்பால் அழுக்கு இன்று வழக்கொழிந்த சொல் போல, முதியவர் நினைவில் மட்டும் வாழ்கிறது.

வம்சாவளி அழுக்கு உடம்பே உண்டாக்குவது, செத்த தோல். இதை எடுக்கத்தான் ஹமாம். கால் மணி நேரம் தொப்புள் கல்லில் வேர்க்கவிட்டு, தோல் ஊறித் தளர்ந்ததும், 'கெசே' என்ற சொரசொரப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு தெல்லாக் தேய்க்கத் தொடங்குவார். சோப்பு கிடையாது, அது பிற்பாடு. கழுத்திலிருந்து முழங்கை, முதுகு, கெண்டைக்கால் என்று ஒரே வீச்சு. சாம்பல் நிறத்தில் திரித்திரியாகச் சுருண்டு வரும். முதல் திரி வந்தபோது எனக்கு அவமானம். நான் தினமும் இரண்டு வேளை குளிப்பவன். பன்னிரண்டாவது திரியில் பெருமிதம். தெல்லாக் அதைச் சுட்டிக்காட்டி "குட்" என்றார்.

இங்கே ஆசிரியருக்கு ஒரு சாத்திரச் சந்தேகம் எழுந்தது. பார்வதி தேவி குளிக்கப் போகுமுன் மேனியில் பூசிய மஞ்சளையும் அழுக்கையும் உருட்டித்தான் பிள்ளையாரைப் பிடித்தாள் என்பது புராணம். மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில் நான் எத்தனையோ முறை தேங்காய் உடைத்திருக்கிறேன். அழுக்கிலிருந்து பிள்ளையார் எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தப் பளிங்கு மேடையில், என் ஐம்பது வயது வம்சாவளியைக் கண்ணால் பார்த்தபோது, கதை நடக்கக்கூடியதுதான் என்று தோன்றியது. லோரி அண்ணன் பக்கத்து இடத்தில் கிடந்தபடி தன் பங்கைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பிள்ளையாரு மட்டுமில்ல, மூஞ்சூறும் சேத்தே வரும்டா," என்றார்.

அடுத்து நுரை. தலையணை உறை போன்ற துணிப்பையைச் சோப்பு நீரில் நனைத்து, காற்றை அடைத்து, கையால் இழுத்துப் பிழிந்தால் மேகம் மேகமாக இறங்குகிறது. தமிழாசிரியர் வழக்கம்போல் முன்னறிவித்துக் கெடுத்தார்.

வினையியல்

தானே குளித்தல் தன்வினை ஆகும்;
பிறரைக் குளிப்பாட்டல் பிறவினை ஆகும்;
கிடந்து குளித்தல் செயப்பாட்டு வினையே.

இந்நூலின் உயிர்நிலை இது. முன்னுள்ள இயல்கள் எல்லாம் இதற்குத் தோரணம்.

குளித்தேன் என்பதும் குளிப்பாட்டினேன் என்பதும் தினமும் வாயில் வரும். 'குளிப்பாட்டப்பட்டேன்' என்று ஒருவன் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் எத்தனை? எண்ணிப் பாருங்கள். பிறந்ததும் பாட்டி கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் நம்மைக் கிடத்தி, மூக்கைப் பிடித்து நீவி, வெந்நீர் ஊற்றியது. பள்ளிக்கூடம் போகும்வரை அம்மா பைப்படியில் நிறுத்தித் தேய்த்தது. தீபாவளி விடியலில் தலையில் வைத்த நல்லெண்ணெயும் கண்ணில் இறங்கிய சீயக்காயும். கல்யாணத்துக்கு முன் நலங்கு. அதற்கப்புறம் ஒரு நீண்ட வெற்றிடம். நாற்பது, ஐம்பது ஆண்டு. தாழ்ப்பாள் போட்ட அறை, ஹீட்டர், ஷவர், நாமே நம்மை. பிறகு ஒருநாள் வாசலில் பெஞ்சு போட்டு, சொந்தக்காரர்கள் குடம் குடமாக எடுத்து வந்து ஊற்றுவார்கள். அந்தக் குளியலை நாம் ரசிக்க முடியாது.

துருக்கியரும் இதே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் தாய்க்கும் சேய்க்கும் ஒரு ஹமாம். கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணைத் தோழியர் கூட்டிப்போகும் ஒரு ஹமாம். ஆனால் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை அவர்கள் காலியாக விடவில்லை. காசு கொடுத்தால், எந்தச் செவ்வாய்க்கிழமையும் எந்த ஐம்பது வயதுக்காரனையும் கிடத்திக் குளிப்பாட்ட ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.

லோரி அண்ணனுக்கு இந்த ஒற்றுமை வேறு திசையில் உறைத்தது. துண்டால் மூடி, கல்மேடையில் மல்லாக்கக் கிடத்தி, ஒருவர் பேசாமல் கிண்ணம் கிண்ணமாக ஊற்றவும், கண்ணைத் திறந்து, "வாத்தியாரே, நான் இன்னும் உசுரோடத்தான் இருக்கேன்னு அவருகிட்ட சொல்லுங்க," என்றார்.

"மூக்குல பஞ்சு வைக்கலியேண்ணே. அதுவரைக்கும் பயமில்ல," என்றார் தமிழாசிரியர்.

பெரிய சிரிப்பு. குவிமாடம் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தது. பிறகு தெல்லாக் அண்ணனை எழுப்பி உட்காரவைத்து, தலைக்கு நுரை போட்டு, கண்ணில் சோப்பு இறங்காமல் நெற்றியில் இடது கையைக் கூரை மாதிரி வைத்து, வலது கையால் தண்ணீர் ஊற்றினார். அந்தக் கையைத்தான் சொல்கிறேன். அது எந்தக் கையேட்டிலும் இல்லாத கை. மூன்று லோரிக்குச் சொந்தக்காரர், நூற்றுப்பத்து கிலோ, யாரையும் டேய் போட்டுப் பேசுகிறவர், தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு, முழங்கால் மேல் கை வைத்து, ஆறு வயதுப் பையன் போல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கர்கூட விலை கேட்கவில்லை.

எனவே அவரை உறங்குநர் வகையிலிருந்து எடுத்துவிட்டேன். போட வேறு வகை கிடைக்காததால் தனியே வைத்திருக்கிறேன்.

ஒழிபியல்

விட்டுப்போனவை சில. ஹமாம் என்றால் தமிழருக்கு முதலில் சோப்பு. டாடா ஆயில் மில்ஸ் 1930களில் கொண்டுவந்த அந்தப் பச்சைக் கட்டி இன்றும் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. பச்சையைத் தேடி ஹமாமுக்குள் போகிறவர் ஏமாறுவார்; உள்ளே எல்லாம் வெள்ளைப் பளிங்கு.

சூடான நீருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா எனின், வேண்டாம். எங்கள் அலோர் காஜா மாவட்டத்திலேயே காடேக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஊர் திரும்பிய அடுத்த வாரம் ஐவரும் காடியில் ஏறிப் போனோம். காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நல்ல சூடு. ஆனால் அங்கே நிற்கும் நீர், தன்வினை.

கெசே கையுறை ஒன்று வாங்கி வந்திருந்தேன். அம்மாவிடம் காட்டி, நடந்ததையெல்லாம் மரியாதைக்குரிய பகுதிகள் மட்டும் சொன்னேன். கையுறையை மாட்டிப் பார்த்தார். குத்துவிளக்கு துலக்க நன்றாக இருக்கும் என்றார். பிறகு,

"உன்னயக் குளிப்பாட்டிவிட்டதுக்கு அந்த ஆளு எவ்வளவு வாங்கினான்?"

பாதியைச் சொன்னேன். அதற்கே அம்மா கன்னத்தில் கை வைத்தார்.

"ஒரு தடவைக்கா?"

"ஒரு தடவைக்குத்தாம்மா."

"ஆறு வயசு வரைக்கும் பைப்படியில வெச்சுக் குளிப்பாட்டினேனே, ஓடி ஓடிப் புடிச்சு. அதுக்கு எவ்வளவு வெள்ளி ஆகும்?"

தே ஓ குடித்துக்கொண்டிருந்த கணக்கர் கோப்பையைக் கீழே வைத்தார். கைப்பேசியில் கணக்குப் பொறியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா?"

"ரெண்டு," என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை நாள்ல ஒண்ணு."